போர்வையில் ஓர் ஓட்டை

உப்பு ஊற்று, அரிசோனா
17 அக்டோபர் 2023

அன்பு மகள் லியாண்ட்ராவுக்கு,

அப்பா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் உறையை மேசைக்குள் போட்டுவிடாமல் இந்த வரி வரைக்கும் நீ வந்திருந்தால் அதுவே எனக்குப் பெரிது. இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. இடது முழங்கால் மட்டும் குளிர் வரப்போவதை முன்கூட்டியே சொல்கிறது. ஆடுகள் பத்தொன்பது, நாய் ஒன்று, ஆள் ஒருவன்.

நீ அனுப்பிய பெட்டி பள்ளிக்கு வந்து சேர்ந்தது. உள்ளே கிரகணம் பார்க்கும் அட்டைக் கண்ணாடிகள் நூற்றைம்பது, எப்படிப் போட்டுக்கொள்வது என்று ஒரு தாள், தாளின் அடியில் உன் பல்கலைக்கழகத்தின் பெயரோடு அச்சடித்த உன் பெயர். கண்ணாடிகளை மேசையில் கொட்டிவிட்டுப் பெட்டியைத் தலைகீழாகத் தட்டினேன். அட்டை மடிப்புக்குள்ளும் விரலை விட்டுப் பார்த்தேன். உன் கையால் எழுதிய துண்டுச் சீட்டு ஏதுமில்லை. பக்கத்து வகுப்பு ஆசிரியை என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டாள். ரசீது என்றேன்.

நான்கு ஆண்டுகளாக நான் போன் செய்தால் மணி அடித்து அடங்குகிறது. வெர்னீட்டா சித்தி செய்தால் எடுக்கிறாய். ஏன் என்று தெரியாதவன் போல நடிக்கப் போவதில்லை. உன் அம்மா கிடந்த ஆஸ்பத்திரியின் நடைபாதையில் நான் உன்னைப் பார்த்துச் சொன்ன வார்த்தை இரண்டு பேருக்கும் நினைவிருக்கிறது. அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பேனா பள்ளிக்கூடத்துப் பக்கமே போகிறது. கேட்ட கேள்வியை விட்டுவிட்டு வேறு பாடம் நடத்துவதில் நான் கெட்டிக்காரன் என்று நீயே சின்ன வயதில் சொல்லியிருக்கிறாய்.

புதிதாக வந்த பிரின்சிபால் ஒஹையோக்காரர். நல்ல மனிதர். பெட்டியைப் பார்த்ததும் சனிக்கிழமை காலையில் பிள்ளைகளை மைதானத்துக்கு வரவழைத்து, ஆளுக்கொரு கண்ணாடியும் பன்னும் கொடுத்துக் கிரகணம் காட்டவேண்டும் என்று கிளம்பிவிட்டார். “சூரியன் வளையமா நம்ம கூரைக்கு நேரா தெரியப்போகுது சார். உலகமே வண்டி பிடிச்சு இங்க வருது. நம்ம புள்ளைங்க மட்டும் ஜன்னல மூடிக்கிட்டு உக்காரணுமா?” என்றார். நவஹோப் பழங்குடிகளான நாங்கள் எங்கள் மொழியில் கிரகணத்தைச் சூரியன் இறந்துவிட்டான் என்றுதான் சொல்வோம். சூரியன் எங்களுக்கு அப்பன். அப்பன் செத்துப் பிழைக்கிற நேரத்தில் பிள்ளைகள் வாயில் பன்னை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். உண்ணாமல், குடிக்காமல், தூங்காமல் உள்ளே உட்கார்ந்து அவன் எழுந்து வரக் காத்திருப்பார்கள் என்று இருபது நிமிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, “சரி, பன் வேணாம்” என்றார்.

கடைசியில் மைதானக் கூட்டமே வேண்டாம் என்று வழிக்கு வந்துவிட்டார். உன் பெட்டியைத் தூக்கி அலமாரியின் மேல் வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. பாடத்தை நான் விடவில்லை. ஒரு மாதமாகப் பள்ளி முற்றத்தில் குச்சி நட்டு நிழலை அளந்துகொண்டிருந்தோம். எத்தனை மணிக்குத் தொடங்கும், எப்போது வளையம், எப்போது முடியும் என்ற அட்டவணையைப் பலகையில் எழுதிப்போட்டேன். வீட்டில் உட்கார்ந்தபடியே காதுக்கும் தோலுக்கும் பட்டதை நோட்டில் எழுதி வாருங்கள் என்றேன். அங்கேதான் உன் சித்தி பிடித்துக்கொண்டாள். “அவன் செத்துக் கெடக்குறப்ப புள்ளைங்க கையில பென்சிலக் குடுப்பியா அத்தான்? உனக்குப் புத்தி கித்தி இருக்கா?” என்றாள். அவள் சொன்னதும் சரிதான். நோட்டு வேண்டாம், திங்கள்கிழமை வாயால் சொன்னால் போதும் என்று மாற்றிக்கொண்டேன்.

திங்களன்று வகுப்பு சந்தைபோல இருந்தது. சேவல் இரண்டாவது முறை கூவியது என்றான் ஒருவன். ஓட்டிவிடாமலே ஆடுகள் பட்டிக்குள் வந்து நின்றன என்றான் இன்னொருவன். எங்கள் நாய் அசையவே இல்லை, ஆனால் அது எப்போதும் அசையாது என்றாள் ஒருத்தி. ஷான்டீன் என்று ஆறாம் வகுப்பில் ஒரு சின்னவள் இருக்கிறாள், கேள்வி கேட்டே ஆளைக் கொல்வாள். அவள் எழுந்து, “வளையம் பத்தரைக்குன்னு எழுதிப்போட்டீங்க தாத்தா. கதவுக்கடியில குளிர் அதுக்கப்புறம்தான் ஜாஸ்தியா வந்துச்சு. வெயில் திரும்பி வர்றப்ப ஏன் குளிரு கூடுது?” என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியை வைத்து இந்த வாரம் முழுக்கப் பாடம் ஓடுகிறது. மைதானத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றிருந்தால் கதவுக்கடியில் கை வைத்திருக்க மாட்டாள்.

பாதிப் பிள்ளைகள் என்னை சார் என்பதில்லை, தாத்தா என்றே கூப்பிடுகிறார்கள். நம் குல முறைப்படி அதுவும் சரிதான். நானும் திரும்பிப் பார்க்கிறேன்.

எனக்கு அந்த நாள் எப்படிப் போனது என்று நீ கேட்கப் போவதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஜன்னலில் நீலப் போர்வையை மாட்டினேன். உட்கார்ந்தேன். முடிந்ததும் எழுந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனேன். வேறொன்றுமில்லை.

தபாலாபீசுக்கு முப்பது மைல் போகவேண்டும். தண்ணீர் டிரம் நிரப்பப் போகிற நாளில் இதையும் போட்டுவிடுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா


உப்பு ஊற்று
22 ஜனவரி 2024

அன்பு மகளுக்கு,

முதல் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. வரும் என்று நான் ஒன்றும் தபால்பெட்டியே கதி என்று நிற்கவில்லை. வாரத்துக்கு இரண்டு முறை போனேன், அதுவும் தண்ணீருக்காக. டிரம் இப்போது எப்போதும் நிறைந்தே இருக்கிறது.

நவம்பரில் நல்ல செய்தி எதுவும் இல்லை. ஷான்டீனுக்கு நெஞ்சுச்சளி கட்டி, ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் வைத்திருந்தார்கள். தினமும் பள்ளி விட்டதும் போய் வெளியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வருவேன். ஒரு வாத்தியார் ஏன் தினமும் வருகிறார் என்று அவள் அம்மாவுக்கே ஆச்சரியம். இப்போது நன்றாக இருக்கிறாள். திரும்பி வந்த முதல் நாளே, தன் சளிக்கும் கதவுக்கடியில் வந்த குளிருக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டாள். நான் சுண்ணாம்புக் கட்டியைக் கீழே போட்டுவிட்டேன். சம்பந்தமில்லை, கிருமி என்று சொன்னேன்.

உன் பெட்டியை அலமாரியிலிருந்து இறக்கிவிட்டேன். கிரகணமில்லாத சாதாரண நாளில் சூரியனைப் பார்ப்பதற்கு நம்மில் யாரும் குற்றம் சொல்வதில்லை, கண் கெடாமல் இருந்தால் சரி. உன் தாளிலேயே போட்டிருந்தாய், இந்தக் கண்ணாடி எந்த நாளுக்கும் ஆகும் என்று. பெற்றோர்களிடம் வீடுவீடாகச் சொல்லிச் சம்மதம் வாங்கினேன். போன புதன்கிழமை மதியம், பனியில் வரிசையாக நின்று அறுபது பிள்ளைகள் பார்த்தார்கள். முகத்தில் கறுப்புப் புள்ளி இருக்கிறது என்று முதலில் கத்தியது ஷான்டீன்தான். “நம்ம அப்பனுக்கு மச்சம் இருக்கு தாத்தா!” என்றாள். தினமும் பார்த்து வட்டத்துக்குள் புள்ளி வைக்கிறார்கள். புள்ளி நகர்கிறது, அதனால் சூரியனும் சுற்றுகிறான் என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். இதை உன்னிடம் யாராவது சொல்லவேண்டாமா? பிரின்சிபாலிடம் சொன்னேன். அவருக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அவரிடம் சொல்வதும் உன்னிடம் சொல்வதும் ஒன்றாகிவிடுமா?

இனி முக்கியமான விஷயம். சித்தி நேற்று ஆட்டுக்கறிச் சூப் கொண்டுவந்தாள். கிண்ணத்தை வைத்துவிட்டுப் போகாமல் நின்றுகொண்டே இருந்தாள். பிறகு, “உனக்குத் தெரியணும்ல, அதான் சொல்றேன். அவளுக்கு மே மாசக் கடைசியில பொறக்கும்” என்றாள். எனக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. நம் கறுத்த ஆட்டைச் சொல்கிறாள் என்று நினைத்து, அது ஏப்ரலிலேயே குட்டி போட்டுவிடுமே என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மகளே, எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. சூப் ஆறிப்போனது. சொல்ல யாருமில்லாமல் பட்டிக்குப் போய் ஆடுகளிடம் சொன்னேன். செய்தி எனக்குச் சித்தி வாயால் வந்ததில் வருத்தமும் இருக்கிறது. மறைத்து என்ன ஆகப்போகிறது? நானே தேடிக்கொண்டது.

சித்திக்கு இன்னொரு குறையும் உண்டு, முப்பது வருடக் குறை. நீ பிறந்தபோது உன் தொப்புள்கொடியை ஆட்டுப்பட்டியில் புதைக்கவேண்டும், அப்போதுதான் மகள் வீட்டோடு இருப்பாள் என்று உன் அம்மா சொல்லி அனுப்பினாள். நான் கொண்டுபோய்ப் பள்ளிக்கூட வேலியடியில் புதைத்துவிட்டு வந்தேன். மகள் படிக்கவேண்டும் என்று எனக்கு ஆசை. “படிச்சா. படிச்சுப் படிச்சு வானத்துக்கே போயிட்டா. இப்ப உக்காந்து ஆட்டுக்கிட்டப் பேசு” என்று நேற்றும் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுத்தாள்.

கடைக்குப் போய் நல்ல கல்லுப்பு ஒரு பை வாங்கி வைத்தேன். எதற்கு என்று உனக்குத் தெரியும். நம் வீட்டில் குழந்தையை முதன்முதலில் சிரிக்க வைப்பவர்தான் விருந்து வைத்து, வருகிறவர் ஒவ்வொருவர் கையிலும் குழந்தையின் சார்பாக உப்பு வைக்கவேண்டும். நீ முதலில் சிரித்தது என் தும்மலைக் கேட்டு. நான் வேண்டுமென்றே தும்மினேன் என்று உன் அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

நேரத்துக்குச் சாப்பிடு. சோளக் கஞ்சி குடி, உனக்குப் பிடிக்காது என்று தெரியும்.

அப்பா


உப்பு ஊற்று
27 மார்ச் 2024

அன்பு மகள் லியாண்ட்ராவுக்கு,

இது மூன்றாவது. இதற்கும் பதில் வராவிட்டால் நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன், ஆனால் இதை மட்டும் கடைசிவரை படித்துவிடு.

ஏப்ரல் எட்டாம் தேதி கிரகணம். அங்கே டெக்சாஸில் உனக்கு முழுக்கிரகணம், இங்கே எங்களுக்கு முக்கால்வாசி. சித்தி ஞாயிற்றுக்கிழமை வந்து என் எதிரே உட்கார்ந்துவிட்டாள். “வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு அதைப் போய்ப் பாக்கப் போறாளாம். அதுதான் என் வேலைங்கிறா. நான் சொன்னாக் கேக்கல. நீ அப்பன், நீ எழுது. வேணாம்னு எழுது” என்றாள். நம்மில் கர்ப்பிணி கிரகணத்தைப் பார்த்தால் என்னென்ன ஆகும் என்று விரல்விட்டு எண்ணினாள். எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்குக்காகத்தான் இந்தத் தாளை எடுத்தேன். மூன்று நாளாக மேசையில் கிடக்கிறது.

உன்னைத் தடுப்பதற்கு முன்னால் நான் உன்னிடம் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. வேறு யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அக்டோபரில் அந்தக் கிரகண நாளைப் பற்றி நான் உனக்கு எழுதியது பொய்.

கிரகண நாட்களில் நீலப் போர்வையை மாட்டுவது எப்போதும் உன் அம்மாதான். நான் எதிரே உட்கார்ந்திருப்பேன். இந்த முறைதான் முதன்முதலாக நான் மாட்டினேன். நீ பன்னிரண்டு வயதில் அடுப்பைக் கிளறி, பொறி பறந்து, அந்தப் போர்வையில் ஒரு பட்டாணி அளவு ஓட்டை போட்டாயே, நினைவிருக்கிறதா? அவள் அந்த ஓட்டை மறையும்படி இரண்டாக மடித்துத்தான் மாட்டுவாள். அத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும் அவள் ஏன் மடிக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. ஜன்னல் முழுக்க வரட்டும் என்று நான் விரித்து மாட்டினேன்.

மாட்டிவிட்டு உட்கார்ந்தேன். கட்டிலில், அவள் படுக்கும் பக்கத்தில், ஒரு சின்ன வெளிச்ச வட்டம் விழுந்தது. அது என்ன என்று எனக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. முப்பத்து மூன்று வருடமாக அட்டையில் ஊசி குத்தி அதையே பாடம் நடத்தியவன் நான். எழுந்து போய் மறைத்திருக்கலாம். எழுந்தேன். அதற்குள் வட்டத்தின் ஓரத்தைக் கடித்தது போலக் கொஞ்சம் காணாமல் போயிருந்தது. நான் மறைக்கவில்லை. நின்றுகொண்டே இருந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றேன், முழங்கால் வலி தெரியவில்லை. வட்டம் பிறையாகி, பிறை மெலிந்து, பத்தரைக்கு வளையம் ஆனது. ஒரு மோதிரம் அளவுதான். கையை நீட்டினேன். என் உள்ளங்கையில் வந்து விழுந்தது. வெளியே ஊர் முழுக்க ஒரு சத்தமில்லை. நான் அழுதேன், லியாண்ட்ரா. பயத்தில் இல்லை. இவ்வளவு அழகாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. உனக்குத் தெரியும், ஆனால் சொல்ல நீ வாய் திறந்தபோதெல்லாம் நான் கேட்கவில்லை. கிரகணம் பார்க்க நீ ஏன் கடல் தாண்டி மலை ஏறிப் போனாய் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

பயம் அதற்குப் பிறகு வந்தது. மறுநாள் ஒரு ஆடு இருமினால் என்னால்தான் என்று நினைத்தேன். சித்தி தலைவலி என்றால் என்னால்தான். நவம்பரில் ஷான்டீன் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தபோது அந்த நாற்காலியில் பதினோரு நாள் நான் உட்கார்ந்திருந்தது வாத்தியாராக இல்லை. நான் பார்த்தது அந்தப் பிள்ளையின் தலையில் விழுந்துவிட்டது என்று நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நுரையீரல் படத்தை டாக்டர் காட்டினார். கிருமியின் பெயரைச் சொன்னார். எனக்கு எல்லாம் புரிந்தது, ஆனாலும் நடுக்கம் நிற்கவில்லை. பதினோராம் நாள் அவள் எழுந்து உட்கார்ந்து ஐஸ்கிரீம் கேட்டாள். நான் தப்பித்துவிட்டேன்.

வண்டிக்கு வந்து கதவைத் திறக்கும்போதுதான் உறைத்தது. எனக்குப் பதினோரு நாள். உனக்கு நான்கு ஆண்டு. நீ சிலியில் கிரகணம் பார்த்துவிட்டு வந்த மூன்றாம் வாரம் உன் அம்மா பட்டியில் விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று அந்த டாக்டரும் படம் காட்டினார். அறிவியல் வாத்தியார் நான், அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, ராத்திரியும் பகலும் விமானத்தில் வந்து நின்ற உன்னிடம், “நீ அங்க போய் பாத்துட்டு வந்த. அது இவ தலையில விழுந்துருச்சு” என்றேன். நீ கையிலிருந்த பையைக் கீழே வைத்தாய். அவள் எழுந்து உட்காரவில்லை, உனக்குத் தப்பிக்க வழியே கிடைக்கவில்லை.

அது பொய் மகளே. உன்னால் எதுவும் ஆகவில்லை. அவளுக்கு ஆறு வருடமாக ரத்தக்கொதிப்பு. மாத்திரை தீர்ந்துபோய் இரண்டு வாரம் வாங்காமல் விட்டவன் நான். மாத்திரை இருந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஆனால் அன்று யார் மேலாவது தூக்கிப் போடாமல் என்னால் நிற்க முடியவில்லை. பக்கத்தில் நீதான் இருந்தாய். என்னை மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு முகமில்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

நான் நம் வழக்கத்தை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. நம்புகிறாயா என்று கேட்டால் எனக்கு ஒரு வரியில் பதில் வராது. உன் அம்மா மூச்சடக்கி உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன், அந்த மரியாதை எனக்கு வேண்டும். அதை எடுத்துப் பெற்ற பிள்ளையை அடித்ததுதான் பாவம்.

ஏப்ரல் எட்டாம் தேதி நீ எங்கே நிற்கவேண்டுமோ அங்கே நில். நல்ல நிழல் பார்த்து நாற்காலி போட்டுக்கொள், கால் வீங்கும். தண்ணீர் குடிக்க மறக்காதே, கர்ப்பிணி தாகத்தோடு இருக்கக்கூடாது. உனக்குப் பார்க்கவேண்டும் என்று இருந்தால் பார். இங்கே நான் போர்வையை இரண்டாக மடித்து மாட்டிவிட்டு உட்கார்ந்திருப்பேன். உண்ணாமல், குடிக்காமல், கண்மூடாமல், தொடங்குவதிலிருந்து முடியும்வரை. எனக்காக ஒரு பங்கு, உனக்காக ஒரு பங்கு, பிறக்கப்போகிற அந்தச் சின்னதுக்காக ஒரு பங்கு. மூன்று பேருக்கும் சேர்த்து நான் ஒருவன் உட்கார்ந்தால் போதும் என்று சித்தியிடம் சொல்லிவிட்டேன். அப்படியெல்லாம் கணக்கு உண்டா என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, தானும் வந்து கூட உட்காருவதாகச் சொன்னாள்.

குழந்தை நல்லபடியாகப் பிறக்கட்டும். கிழக்கு வெளுக்கும்போதெல்லாம் வாசலில் நின்று உங்கள் இருவருக்காகவும் சோள மகரந்தம் தூவி வேண்டிக்கொள்கிறேன். ஆகஸ்டுக்குள் அது சிரித்துவிடும். அதற்கு முன்னால் ஒரு தடவை கொண்டுவா. வரமுடியாவிட்டால் போனில் கூப்பிட்டு அதன் காதருகே வை, நான் தும்முகிறேன். உப்புப் பையை இன்னும் பிரிக்கவில்லை.

உன் அப்பா